84ஆவது கிலோமீட்டரில் பழனி

சுவரில் மாட்டிய தமிழ்நாட்டு வரைபடத்தில் கோவை விமான நிலையத்தின் மேல் ஒரு குண்டூசி, மதுரை விமான நிலையத்தின் மேல் இன்னொரு குண்டூசி. இரண்டுக்கும் நடுவே நூலை விறைப்பாக இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் பழனியை உரசிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரிவது சரிதானா என்று கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன். கோவை ஓடுதளம் வட அட்சரேகை 11.03 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 77.04 பாகை. மதுரை ஓடுதளம் 9.83, 78.09. இரண்டுக்கும் நேர் தூரம் 176 கி.மீ. பழனி மலைக்கோயில் இருப்பது 10.44, 77.52. கோவை விமான நிலையத்திலிருந்து அதற்கு 84 கி.மீ., அதிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு 92 கி.மீ. 84ஐயும் 92ஐயும் கூட்டினால் அதே 176. கோட்டுக்கும் மலைக்கும் விலகல் மூன்றரை கிலோமீட்டர்தான். கோடு விழுவது கோயிலுக்குக் கிழக்கே, ஆயக்குடி போகிற வழியில்.

விமான நிலையமே இல்லாத ஓர் ஊர், இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே கிட்டத்தட்டப் பாதி வழியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கோட்டில் பயணிகள் விமானத்தைத் தேடி ஏமாற வேண்டாம். கோவையிலிருந்து மதுரைக்கு விமானத்தில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறவரை டிக்கெட் செயலிகள் பெரும்பாலும் சென்னைக்கு அனுப்பிவைக்கின்றன. கோவை–சென்னை 404 கி.மீ., சென்னை–மதுரை 418 கி.மீ. ஆக 822 கி.மீ. பறந்து 176 கி.மீ. தள்ளி இறங்கலாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று இதற்குத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் பெயர் வைத்தார்கள்.

அந்த நூலுக்குக் கீழே என்ன இருக்கிறது? கோவையிலிருந்து தென்கிழக்கே கிளம்பினால் முதலில் தென்னந்தோப்பும் காற்றாலையும். உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே வறண்ட சமவெளி. பிறகு பழனி. அதைத் தாண்டியதும் கோடு நேரே மலைமேல் ஏறிவிடுகிறது. ஆடலூர், தாண்டிக்குடி பக்கத்துக் கீழ்ப்பழனி மலை அது. காப்பியும் மலைவாழையும் விளைகிற இடம். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழைக்கு இந்த மலைதான் தாய்வீடு. முருகன் இங்கிருந்து பழனிக்கு ஒரே தாண்டாகத் தாண்டியதால்தான் தாண்டிக்குடி என்று பெயர் வந்தது என்பது ஊர்க்கதை. நேர்கோட்டில் அந்தத் தாண்டல் 20 கி.மீ.க்குள் அடங்கும். மலையை விட்டு இறங்கிய கோடு, வத்தலக்குண்டுக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவே சமவெளியைப் பிடித்து மதுரை போய்ச் சேர்கிறது.

சாலையால் அப்படிப் போக முடியாது. மலையைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டு ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று கிழக்கே சுற்றுகிறது. அதனால்தான் 92 கி.மீ. நேர் தூரத்தில் இருக்கிற மதுரை விமான நிலையம் காரில் ஏறத்தாழ 130 கி.மீ. ஆகிறது. கோவைப் பக்கம் குறுக்கே மலை கிடையாது, 84 கி.மீ. நேர் தூரம் சாலையில் 110 கி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. மூன்றாவதாகத் திருச்சி: நேர் தூரம் 135, சாலையில் ஏறத்தாழ 160. பழனிக்காரர்கள் 'ஏர்போர்ட் போகணும்' என்று சொன்னால் எந்த ஏர்போர்ட் என்று திருப்பிக் கேட்காமல் பேச்சு நகராது.

மதுரையையும் கொங்கு நாட்டையும் இணைக்கிற வழி பழனி வழியாகப் போவது விமானக் கணக்கில் தற்செயலாக வந்த விஷயம் அல்ல. பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். ஈமக்குழிக்குள் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த பொருளோடு சேர்ந்து ஒரு சாடி நிறைய நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கதிரியக்கக் கரிமக் கணிப்பு சொன்னதும், தமிழ்பிராமி எழுத்தின் பழமை பற்றிய விவாதம் சூடுபிடித்ததும் ஆய்வுலகம் அறிந்தது. நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று: பொருந்தல் இருந்தது பாண்டிய நாட்டிலிருந்து சேர நாட்டுக்குப் போகிற பழைய வணிக வழியில். பழனிக்குப் பக்கத்துக் கலையமுத்தூரில் 1856இல் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்ததும் அதே வழியின் சாட்சி. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே இருக்கிற இந்த விளிம்பை வண்டிமாடும் கண்டுபிடித்தது, வணிகச் சாத்தும் கண்டுபிடித்தது. வரைபடத்து நூலும் போய் அங்கேயே விழுகிறது.

பழைய வழிகளில் தூரத்தைக் காதத்தில் சொன்னார்கள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில் காதக் கணக்கை எழுத்திலும் பொறித்து, எழுத்தறியாதவருக்காகக் குழிகளாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். ஆனால் காதம் என்பது ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் மாறுகிற அளவு. நடக்கிறவருக்கு அது தூரத்தைவிட நேரமாகவே பட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் பாதயாத்திரைக்காரரிடம் 'பழனி இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் 'நாளைக்குச் சாயங்காலம்' என்றுதான் பதில் வரும். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வது நம் பழக்கம். விமானத் துறைக்கும் அதே பழக்கம் உண்டு என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் கைபேசி நொடியில் ஓர் எண்ணைத் துப்புகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது? பூமியை ஒரு பந்தாக நினைத்துக்கொண்டு, இரண்டு புள்ளிகளையும் பந்தின் மையத்தையும் சேர்த்து வெட்டினால் பந்தின் மேல் விழுகிற வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். அந்த வட்டத்தின் துண்டுதான் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த தூரம். மையத்தில் அது எத்தனை பாகைக் கோணம் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, பாகைக்கு 111 கி.மீ. சொச்சம் என்று பெருக்கினால் வேலை முடிந்தது. பாகையை அறுபதாகப் பிரித்தால் வருகிற ஒரு கலையின் நீளத்திலிருந்து பிறந்ததுதான் விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. பிளஸ் டூ கணக்கில் சைன், கொசைன் படித்தவர் யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். மேலே நான் சொன்ன எண்களும் அப்படிப் போட்டவைதான்.

பாகைக்கு 111 என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க மனிதர் பட்ட பாட்டில் பெரும்பங்கு தமிழ் மண்ணில் நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டி அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கி.மீ. நீளம். இன்றைக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் அந்தப் பரங்கிமலையைச் சன்னல் வழியே காட்டிவிட்டுத்தான் தரை தொடுகின்றன. அந்த அடிக்கோட்டின் மேல் கட்டிய அளவை முக்கோணங்கள் தெற்கே பரவி, 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரி வரை இறங்கின. திண்டுக்கல் நகரம் ஏறக்குறைய அந்த ரேகையின் மேலேயே நிற்கிறது. சமவெளியில் மலை கிடைக்காத இடங்களில் லாம்டன் கோயில் கோபுரங்களை மேடையாக்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் சளைக்கவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தி, மறுபடி வேலையைத் தொடங்கினார்.

அவர் தொடங்கிய அளவையிலிருந்து ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஒரு வடிவம் சொன்னார்: துருவத்தில் சற்றே சப்பையான உருண்டை, நிலநடுக்கோட்டு ஆரம் 6,377.276 கி.மீ. இன்று செயற்கைக்கோள்களை வைத்து நாம் பயன்படுத்துகிற டபிள்யூஜிஎஸ் 84 அளவில் அதே ஆரம் 6,378.137 கி.மீ. வித்தியாசம் 861 மீட்டர். சங்கிலியும் கண்ணும் கோபுர உச்சியும் வைத்து அளந்தவர்களுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட வேறுபாடு இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. 1998 ஜனவரி 1 முதல் உலக விமானப் போக்குவரத்து முழுவதற்கும் டபிள்யூஜிஎஸ் 84தான் பொது அளவு. பூமியை வெறும் பந்தாக எடுத்துக்கொண்டால் தூரத்தில் அதிகபட்சம் அரை சதவீதம் பிசகும். கோவை–மதுரைக்கு அது ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

தூரம், வேகம், பூமியைச் சுற்றுவது என்று பழனியை வைத்துப் பேசிவிட்டு அந்தப் பழைய பந்தயத்தைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். நாரதர் கொண்டுவந்த ஞானப்பழம், உலகைச் சுற்றி முதலில் வருகிறவருக்குப் பரிசு, மயிலேறிப் பறந்த முருகன், அம்மையப்பரைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்ட பிள்ளையார். கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளைக்குப் 'பழம் நீ' என்று சொல்லப்போய் ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு சந்தேகம்: பந்தய விதிப்படி பிள்ளையார் வென்றது செல்லுமா?

வான்பயணச் சாதனைகளைப் பதிவு செய்கிற பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. உலகைச் சுற்றியதாக அது ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும், எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்திருக்க வேண்டும். இந்த இரண்டோடு விட்டால் ஒரு ஓட்டை விழும். வட துருவத்தில் போய் நின்று பத்தடி வட்டம் போட்டால் எல்லாத் தீர்க்கரேகைகளையும் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். அதை அடைக்கத்தான் மூன்றாவது விதி: பாதையின் நீளம் கடகரேகையின் நீளத்துக்குக் குறையக்கூடாது, அதாவது 36,787.559 கி.மீ. விதி எழுதியவர்கள் பிள்ளையார் தந்திரத்தை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முருகன் கணக்குக்கு வருவோம். இடையில் இறங்காமல் விமானத்தில் முதன்முதலாக உலகைச் சுற்றிவந்தது 1949இல், லக்கி லேடி 2 என்ற அமெரிக்க ராணுவ விமானம். வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு 94 மணி 1 நிமிடம். 1957 ஜனவரியில் பி-52 ஜெட் விமானங்கள் அதை 45 மணி 19 நிமிடமாகக் குறைத்தன. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பூமியின் 40,000 கி.மீ. சுற்றளவைக் கடக்க எளிய வகுத்தலில் 44 மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஆக, அந்தப் பந்தயத்தில் விடை ஏறக்குறைய வகுத்தலிலேயே கிடைத்துவிட்டது. நீண்ட தூரத்தில் தூரமும் நேரமும் ஒழுங்காகக் கைகோத்துப் போகும். குறுகிய தூரத்தில்தான் சண்டை.

சென்னை–கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். 404 கி.மீ. ஏர்பஸ் 320 வகை விமானம் உச்சிவேகத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் போகும். வகுத்தால் அரை மணி நேரம்கூட இல்லை. அட்டவணையில் போட்டிருப்பதோ ஒன்றேகால் மணி நேரம். மீதி எங்கே போனது? விமானத் துறை கணக்கு வைப்பது பிளாக் டைம் என்பதை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிற கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக் கொடுக்கிற நொடி வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இதில் சேர்த்தி. கிளம்பிய பிறகு உயரே ஏற இருபது நிமிடம் போல. அதற்குள் பாதி தூரத்தை நெருங்கிவிடும். இறங்க ஏறத்தாழ அதே நேரம், அதே தூரம். நடுவே உச்சிவேகத்தில் பறக்கக் கிடைப்பது சில நிமிடம்தான். பணிப்பெண் காப்பியை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டைப் போடச் சொல்கிறார்கள் என்று அங்கலாய்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மொத்த நேரத்தால் வகுத்தால் சென்னை–கோவைக்குச் சராசரி வேகம் மணிக்கு 323 கி.மீ. சொச்சம். மணிக்கு 500 கி.மீ. போகிற ஏடிஆர் 72 என்ற உந்துவிசிறி விமானத்தில் போனாலும் பெரிய நஷ்டம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு, அதிலும் கோவையில். அங்கே ஓடுதளத்தின் பெயர் 05/23. வடகிழக்கே 50 பாகையையும் தென்மேற்கே 230 பாகையையும் பார்த்துக் கிடக்கிறது என்று பொருள். சென்னையோ கோவைக்கு 57 பாகைத் திசையில் இருக்கிறது. ஓடுதளத்தை அப்படியே நீட்டினால் ஏறக்குறைய சென்னையைச் சுட்டும். வைகாசிக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசத் தொடங்குகிறது. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், எதிர்க்காற்றில்தான் ஏறும். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து வருகிற விமானம் நேரே வந்து தென்மேற்குப் பார்த்து இறங்கிவிடலாம். திரும்பிப் போகும்போது தென்மேற்கே கிளம்பி அரைவட்டம் அடிக்க வேண்டும். ஒரே தூரம், போக ஒரு நேரம், வர ஒரு நேரம். உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றுவதும், பழனியில் ரோப் காரை அவ்வப்போது நிறுத்தி வைப்பதும் இதே ஆடிக் காற்றுதான்.

அரசாங்கமும் தூரத்தை நேரமாகவே பார்க்கிறது. சிறிய ஊர்களுக்கு விமானம் விட 2016இல் அறிவித்த உடான் திட்டத்தில் பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு 2,500 ரூபாய் என்றார்கள். எதற்கு? ஒரு மணி நேரப் பயணத்துக்கு, அல்லது சுமார் 500 கி.மீ.க்கு. கொரோனாவுக்குப் பின் 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது நாட்டின் வழித்தடங்களை எல்லாம் ஏழு வகையாகப் பிரித்தார்கள். பிரித்தது கிலோமீட்டரால் அல்ல, பறக்கும் நிமிடங்களால்: 40 நிமிடத்துக்குள், 40 முதல் 60, 60 முதல் 90 என்று. ஒவ்வொரு வகைக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு. 2022 ஆகஸ்ட் 31 வரை இந்த முறை நீடித்தது. பாதயாத்திரைக்காரரின் 'நாளைக்குச் சாயங்காலம்' டெல்லிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி சென்னையிலிருந்து பழனிக்குப் போகிறவரின் கணக்கு. சென்னை விமான நிலையத்துக்கும் பழனிக்கும் நேர் தூரம் 405 கி.மீ. சென்னைக்கும் கோவைக்கும் 404. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழனி இருக்கிற அதே தொலைவுக்குப் பறந்துவிட்டு, பழனியிலிருந்து 84 கி.மீ. தள்ளி இறங்குகிறோம். மதுரைக்குப் பறந்தால் இன்னும் மோசம்: 418 கி.மீ. பறந்து 92 கி.மீ. தள்ளி. திருச்சி 294 கி.மீ.யில் இறக்கிவிடும், அங்கிருந்து பாக்கி 135. நேரத்தைக் கூட்டுவோம். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம். முன்னதாகப் போய் நிற்பது ஒன்றரை மணி. பறப்பது ஒன்றேகால். பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கோவையிலிருந்து சாலையில் இரண்டரை மணி. ஆக, ஏறத்தாழ ஏழு மணி நேரம். சென்ட்ரலில் இரவு பழனி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் நாமக்கல், கரூர், திண்டுக்கல் தாண்டி ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் பழனி. இதில் தூங்குகிற நேரத்தைக் கழித்துவிட்டு யார் ஜெயித்தார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடல் தாண்டிப் போகிறவர்களிடம் இந்த வாதம் எடுபடாது. ஆயக்குடியில் எனக்கு ஓர் அத்தை. மகன் சிங்கப்பூரில். சில ஆண்டுகளுக்கு முன்பு அவன் அனுப்பிய டிக்கெட்டை அச்செடுத்து வந்து என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அத்தையே அதைப் படித்தார். திருச்சியில் இரவு 1 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 7.45. திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் திருச்சியில் 9.45.

'ஏப்பா, போறதுக்கு ஆறேமுக்கா மணி நேரம், வர்றதுக்கு ஒன்னேமுக்கா மணி நேரந்தானா? வரும்போது எறக்கமா?'

'இல்லத்தை. அவங்க கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. ரெண்டு பக்கமும் நாலேகால் மணி நேரந்தான்.'

'அதெப்படி ரெண்டரை? சூரியன் அவ்வளவு முன்னாடியா அங்க உதிக்குது?'

சரியான கேள்வி. அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு பார்த்தேன். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் 25.28 பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் வைத்தால் சூரியன் தருகிற வித்தியாசம் 1 மணி 41 நிமிடம்தான். மீதி 49 நிமிடம் அரசாங்கங்கள் போட்டது. இந்தியா முழுவதும் 82.5 பாகை ரேகையின் நேரத்தைப் பிடித்துக்கொண்டதால் திருச்சி தன் சூரியனைவிடக் கால் மணி முன்னால் ஓடுகிறது. சிங்கப்பூரோ 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பு வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1981இல் இதே டிக்கெட்டைப் படித்திருந்தால் அத்தைக்கு அரை மணி நேரம் குறைவாக வியப்பு வந்திருக்கும்.

'எறக்கமா' என்று அவர் கேட்டதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டின் தலைக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1958இல் எழுதிய ஆய்வுரை இந்தக் கீழைத் தாரைக்காற்றை உலகுக்கு எடுத்துச் சொன்னது. பின்னாளில் அவர் அந்தத் துறைக்கே தலைவரானார். காற்றின் உச்ச வேகம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில். பயணிகள் விமானம் போகிற 11, 12 கி.மீ. உயரத்திலும் அதன் வீச்சு உண்டு. மணிக்கு 840 கி.மீ. போகிற விமானத்துக்கு 60 கி.மீ. பின்காற்று கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு, திருச்சி–சிங்கப்பூர் 2,981 கி.மீ.யை வகுத்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வர 3 மணி 19 நிமிடம்; அதே காற்றை எதிர்த்துப் போக 3 மணி 49 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம். ஆடி மாதத்தில் வரும்போது இறக்கம்தான்.

திருச்சி–சிங்கப்பூர் பெருவட்டக் கோடு யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கடலுக்குள் இறங்கி, வங்கக் கடலைக் குறுக்கே வெட்டி, நிக்கோபாருக்குத் தெற்கே நழுவி, சுமத்ராவின் வடபகுதியைக் கடந்து மலாக்கா நீரிணையில் நுழைகிறது. முதலாம் ராஜேந்திர சோழனின் கல்வெட்டுகள் மாநக்கவாரம், இலாமுரிதேசம் என்று சொல்லும் இடங்கள் நிக்கோபாரும் சுமத்ராவின் வடமுனையும்தான் என்பது ஆய்வாளர் கொள்கை. சோழர் கப்பலுக்குப் பருவக்காற்று மாற வேண்டும். பிறகு வந்த ராஜுலா என்ற நீராவிக் கப்பல் நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் ஆள் ஏற்றிச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆக்கியது. அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலம் முடிந்தது. இன்று கோலாலம்பூர் திருச்சியிலிருந்து 2,690 கி.மீ., நான்கு மணி நேரத்துக்குள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கிற மலேசியத் தமிழர் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு வந்து நிற்பது இதனால் சாத்தியமாகிறது.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்குத் திருச்சி 2,981 கி.மீ., மதுரை 3,014, கோவை 3,163. வானத்தில் இந்த வித்தியாசம் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். தரையில் அது தலைகீழ். கிட்டத்தில் இருக்கிற திருச்சியில் இறங்கினால் பழனிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலை. எட்டத்தில் இருக்கிற கோவையில் இறங்கினால் இரண்டரை. விமானத்தில் மிச்சம் பிடிக்கிற 182 கி.மீ.யை 50 கி.மீ. சாலை தின்றுவிடுகிறது. அதைத் திருப்பிச் சொன்னால், வானத்து 182 கி.மீ.க்கும் தரையின் 50 கி.மீ.க்கும் மாற்று விலை இப்போதைக்கு இதுதான். நான்குவழிச் சாலை நீளும்போது இந்த விலை மாறும்.

மலையடிவாரத்துக்கு வந்தபின்னும் கணக்கு தீராது. ஏறத்தாழ 700 படி, யானைப்பாதை, விஞ்ச், 2004இல் வந்த ரோப் கார். கிளம்புகிற இடம் அடிவாரம், சேருகிற இடம் உச்சி. ரோப் காரில் 3 நிமிடம், விஞ்சில் 8 நிமிடம், படியில் ஆளுக்கு ஏற்ப. விஞ்ச் வரிசையில் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். படியில் ஏறிய என் சித்தப்பா தரிசனம் முடித்து இறங்கி வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். விமானத்துக்கு ஊர்ந்து போகிற நேரம் எதுவோ, விஞ்சுக்கு வரிசை அது. பிளாக் டைம் கணக்கை அங்கிருந்து தொடங்கியிருந்தால் சித்தப்பாதான் ஜெட்.

ஆகவே வெளியூரிலிருந்து பழனிக்கு டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த விமான நிலையம் கிட்டம் என்று தூரத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்று பாருங்கள். சென்னைக்காரர்கள் இரவு ரயிலில் ஏறுங்கள். சிங்கப்பூரிலிருந்து மாலையில் வந்து இறங்குகிற விமானத்தில் வந்தால் அன்றைக்கே சாமி பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். மலைக்கோயிலில் ராக்கால பூஜை இரவு 8 மணிக்கு. அதன் பிறகு நடை சாத்திவிடுவார்கள்.